பிறந்த வருடத்து பேஸ் கிட்டார்: கோளாறு எங்கே, கை வைக்க வேண்டிய இடம் எது

தான் பிறந்த வருடத்தில் செய்யப்பட்ட பேஸைத் தேடி வாங்குபவர் அந்த வருடத்துக்காகத்தான் பணம் கொடுக்கிறார். அந்த வருடத்துக்கான சாட்சி இருப்பதோ, வயதானால் முதலில் மக்கர் செய்யும் பாகங்களில். கரகரக்கும் வால்யூம் பாட்டின் (நாபின் அடியில் உள்ள மாறு மின்தடையின்) முதுகில் தேதிக் குறியீடு இருக்கும். கழற்றத் தோன்றும் நெக்கின் (கிட்டாரின் கழுத்தின்) அடியில் முத்திரை இருக்கும். யாரும் தொடாத ஈயப்பற்று, உள்ளே எதுவும் மாறவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் திறக்காமல் பார்ப்பது, பிறகு திறந்து பார்ப்பது, கடைசியில்தான் மாற்றுவது என்ற வரிசையில் சொல்லியிருக்கிறது. அவசரத்தில் அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 0.05 மி.மீ. முதல் அளக்கும் ஃபீலர் கேஜ், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல், கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), முனை தேயாத திருப்புளிகள், 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், சின்ன ஜிப் பைகள், பென்சில். எதைக் கழற்றும் முன்பும் படம் எடுங்கள். கழற்றியதைப் பையில் போட்டு, எந்த இடத்து ஸ்க்ரூ என்று எழுதி வையுங்கள்.

தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

சீரியல் எண் ஒரு வருடம் சொல்கிறது, பாட் இன்னொன்று சொல்கிறது, நெக் மூன்றாவது ஒன்று சொல்கிறது. பெரும்பாலும் இது மோசடி இல்லை. பாகங்கள் செய்த தேதி வேறு, அவற்றைக் கோத்த தேதி வேறு. ஒரு பேஸ் தன் பாகங்களில் கடைசியாகச் செய்யப்பட்டதைவிடப் பழையதாக இருக்க முடியாது. நிச்சயமாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான்.

பாட்டின் முதுகில் ஆறு அல்லது ஏழு இலக்கம் இருக்கும். முதல் மூன்று தயாரிப்பாளர்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலேப். கடைசி இரண்டு வாரம், நடுவில் இருப்பது வருடம். 1376632 என்பது சி.டி.எஸ்., 1966, 32வது வாரம். ஆறு இலக்கமே இருந்தால் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான்; எந்தப் பத்தாண்டு என்பதை மற்ற பாகங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க பேஸ் தயாரிப்பாளரான ஃபெண்டர் 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அதனால் 1968, 1969 பேஸ்களில் 1966 பாட் இருப்பது சகஜம். அதைப் பார்த்து 1966 என்று விலை சொன்னால் ஏற்க வேண்டாம். 1968-இல் பிறந்தவர் அதே பாட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்.

ஃபெண்டர் நெக்கின் அடிப்பகுதியில் 1962 வாக்கு வரை பென்சிலால் எழுதினார்கள். பிறகு ரப்பர் முத்திரை வந்தது. முத்திரையில் மாதத்துக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பலர் நாள் என்று படிக்கிறார்கள். அது மாடல் குறியீடு. வருடத்துக்குப் பின்னால் வரும் எழுத்து, நட் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) அருகே நெக்கின் அகலம். 1970-களில் பல நெக்குகளில் படிக்கும்படியான தேதியே கிடையாது. 1976 வாக்கில் சீரியல் எண் நெக் பிளேட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு (நெக்கின் தலைப்பகுதிக்கு) போனது. அதில் எஸ் 7 என்று தொடங்கினால் 1977-ஐக் குறிக்கும், ஆனால் ஓரிரு வருடம் முன்பின் நீளும்.

ரிக்கன்பேக்கரில் வேலை சுலபம். 1961 முதல் 1986 வரை ஜாக் (கேபிள் செருகும் துளை) பிளேட்டில் முதல் எழுத்து வருடம், இரண்டாவது எழுத்து மாதம்: ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து 1961, எம் என்றால் 1973, இசட் என்றால் 1986. கிப்சனில் 1977-இலிருந்து எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் வருடம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 80723015 என்றால் 1983-இன் 72வது நாள், அதாவது மார்ச் 13. அதற்கு முந்தைய கிப்சன் எண்கள் வெவ்வேறு வருடங்களில் திரும்பத் திரும்ப வந்தவை; எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 1970-களின் நடுவிலிருந்து ஜப்பானில் செய்த ஐபனெஸில் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

தேதி பார்ப்பதற்காகவே நெக்கைக் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரத்தில் ஸ்க்ரூ வெட்டிய புரி கொஞ்சம் தேயும். ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) வேலைக்கு எப்படியும் கழற்ற வேண்டி வரும். அன்றைக்குப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தமே வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது

திறக்காமலே பாதி உண்மை தெரிந்துவிடும். நல்ல கேபிளை பேஸில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். எல்லா நாப்களையும் முழுக்கத் திறந்து வையுங்கள். இது பேட்டரி இல்லாத பேஸ்களுக்கான சோதனை.

ஃபெண்டரின் பிரசிஷன் பேஸில் 10 முதல் 11 கிலோ ஓம் வந்தால் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒயர், ஜாக் மூன்றும் நலம். கோளாறு ஆம்ப்பில் அல்லது கேபிளில். 250 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் மீட்டர் வால்யூம் பாட்டை மட்டும் பார்க்கிறது, பிக்கப் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. 5 கிலோ ஓம் சுமார் வந்தால் பிக்கப்பின் இரண்டு பாதிகளில் ஒன்று ஷார்ட். சுழியம் வந்தால் ஜாக்கிலோ வால்யூமிலோ ஷார்ட். முடிவிலி வந்தால் ஜாக்குக்குப் போகும் ஒயர் விட்டிருக்கிறது.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பக்க இணைப்பில் இருப்பதால் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது 3.5 முதல் 4 கிலோ ஓம் வரும். ஒன்றை மூடினால் மற்றதன் அளவு, 7 கிலோ ஓம் சுமார். இரண்டும் திறந்திருந்தும் 7 வந்தால் ஒரு பிக்கப் செத்திருக்கிறது. எது என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் தெரியும்.

தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.4 சதவீதம் மாறும். காலையில் 10.6, மதியம் 10.9 என்று வந்தால் அது வெயில், பழுதில்லை.

மீட்டரைப் பிடித்தபடியே பிளக்கை ஆட்டுங்கள். எண் துள்ளினால் ஜாக். பழைய பேஸ்களில் மிகச் சாதாரணமான கோளாறு இதுதான். ஜாக்கின் நட் தளர்கிறது. யாரோ வெளியிலிருந்து அதை முறுக்குகிறார்கள். உள்ளே ஜாக் முழுதும் சேர்ந்து சுழன்று ஒயரைத் திருகி அறுக்கிறது, அல்லது அதன் நுனி உலோகத் தகட்டில் போய் உரசுகிறது. நட்டை இறுக்கும்போது பிளேட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். நாக்கு தளர்ந்திருந்தால் விரலால் மெல்ல உள்பக்கம் வளைத்தால் போதும். புது ஜாக் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சுருள் அறுந்திருந்தால் உடனே ரீவைண்டிங் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தப் பிக்கப்களில் சுற்றியிருக்கும் 42 கேஜ் கம்பியின் தடிமன் சுமார் 0.063 மி.மீ.; தலைமுடியைப் போன்றது. அது பெரும்பாலும் சுருளின் நடுவில் அறுவதில்லை. வெளி ஒயரோடு பற்றவைத்த கண்ணிக்குப் பக்கத்தில்தான் பச்சை பூத்து விடும். வெளிச் சுற்றில் விட்டிருந்தால் ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி பற்றவைத்துச் சரி செய்யலாம். இதைப் பூதக்கண்ணாடியோடு பழகிய கை செய்யட்டும். உட்சுற்றில் விட்டிருந்தால் ரீவைண்டிங்தான் வழி. அப்போதும் பழைய பாபினையும் காந்தங்களையும் வைத்தே சுற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபெண்டர் பிக்கப்பில் கம்பி நேரடியாகக் காந்தத் துண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு தந்தி மட்டும் மெதுவாகக் கேட்கிறது என்று அந்தக் காந்தத்தைக் கட்டை விரலால் அழுத்தி நகர்த்தினால் உட்சுற்று அங்கேயே அறுந்துபோகும். அறுபது வருடம் பிழைத்த பிக்கப்களை இப்படி ஒரு நொடியில் கொன்றிருக்கிறார்கள்.

நாபைத் திருப்பினால் கரகரக்கிறது

காண்டாக்ட் கிளீனரை பாட்டின் கால்களுக்கு மேலுள்ள இடைவெளியில் ஒரு நொடி மட்டும் அடித்து, முழு வீச்சில் முப்பது முறை திருப்புங்கள். பத்து நிமிடம் உலர விடுங்கள். துருநீக்கும் எண்ணெய்களை இங்கே அடிக்க வேண்டாம். அவை படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். பத்தில் எட்டு பாட் இதிலேயே சரியாகிவிடும்.

இரண்டு முறை செய்தும் ஒரே இடத்தில் சத்தம் விட்டு விட்டு வந்தால் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. மாற்றுவதென்றால் 250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர். பழைய உலோக நாப் பக்கவாட்டு ஸ்க்ரூவால் பிடிப்பது, அதனால் 1/4 அங்குலக் கெட்டித் தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கழற்றிய பாட்டை எறிய வேண்டாம். தேதி அதன் முதுகில்தான் இருக்கிறது. அந்தப் பை பேஸோடு கூடவே இருக்கட்டும்.

டோன் கெப்பாசிட்டரை "பழசாயிற்று" என்று மாற்றத் தேவையில்லை. அதன் மேல் விழும் மின்னழுத்தம் மிகச் சிறியது. டோனை மூடியதும் ஒலி முழுதாக நின்றுபோனால் அது ஷார்ட். திருப்பியும் எதுவுமே மாறவில்லை என்றால் கால் விட்டிருக்கிறது அல்லது பற்று செத்திருக்கிறது. இந்த இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 0.047 மைக்ரோ ஃபாரட்.

இரைச்சல்

முதலில் பாதுகாப்பு. தந்தியைத் தொட்டபடி மைக்கையோ வேறு கருவியையோ தொடும்போது உதட்டில், விரலில் சுரீர் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கோளாறு பேஸில் இருக்காது. ஆம்ப்பின் அல்லது மின் இணைப்பின் எர்த்தில் இருக்கும். பழைய பேஸோடு பழைய வால்வ் ஆம்ப்பும் சேர்த்து வாங்கியிருந்தால், இரண்டு முள் பிளக் உள்ள அந்த ஆம்ப்பைச் சரியான எர்த் போட்டுத் தரச் சொல்லிக் கொடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது. குறையாவிட்டால் பிரிட்ஜுக்கும் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) ஜாக்கின் உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 1 ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் பிரிட்ஜின் அடியில் வரும் எர்த் பட்டையோ ஒயரோ மங்கிப்போய்த் தொடர்பு விட்டிருக்கிறது. பிரிட்ஜ் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, தொடும் இடத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும், உப்புத்தாள் வேண்டாம்.

பிரசிஷனில் ஒலி நன்றாக இருக்கிறது, எர்த்தும் சரி, ஆனாலும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் யாரோ எப்போதோ பிக்கப்பைக் கழற்றி ஒரு பாதியின் ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதியும் இரண்டு தந்திகளை மட்டுமே கேட்பதால் ஒலியில் மாற்றம் தெரியாது. ஆனால் இரைச்சலை ஒன்றுக்கொன்று அழிக்க வேண்டிய இரண்டு சுருளும் அதைக் கூட்டிவிடும். ஒரு பாதியின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது. ஜாஸ் பேஸில் இதே தவறு நடந்திருந்தால் காதிலேயே தெரியும்: இரண்டு பிக்கப்பும் முழுதாகத் திறந்தால் ஒலி ஒல்லியாக, வயிறே இல்லாமல் கேட்கும். ஜாஸில் ஒன்றை மட்டும் திறந்து வாசிக்கும்போது இரைச்சல் வருவது அதன் இயல்பு. அதற்காகக் குழி முழுதும் செம்புத் தாள் ஒட்ட வேண்டாம். அடியில் முத்திரையோ பழைய பெயின்டோ இருந்தால் போய்விடும். ஒட்டுவதென்றால் பிக்கார்டின் (உடலின் முகப்பில் உள்ள பிளாஸ்டிக் தகட்டின்) உள்பக்கம் போதும்.

பிக்கப் மேலே வரமாட்டேன் என்கிறது

ஸ்க்ரூவைத் தளர்த்தியும் எழவில்லை என்றால் அடியில் இருந்த ஃபோம் பொடியாகிவிட்டது. புது ஃபோம் 10 முதல் 12 மி.மீ. கனத்தில் வெட்டி வையுங்கள், ஒட்ட வேண்டாம். பழைய துண்டு பையில் போகட்டும். உயரம்: கடைசி ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) அழுத்தினால் தடித்த ஈ தந்தியின் அடியில் 3.2 மி.மீ., மெல்லிய ஜி தந்தியின் அடியில் 2.4 மி.மீ. இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, ஈ தந்தியில் மேல் ஃபிரெட்களின் சுருதி அலையும்.

தந்தி ஃபிரெட்டில் உரசுகிறது, அல்லது எட்டாத உயரத்தில் நிற்கிறது

அளக்காமல் எதையும் திருப்பாதீர்கள். வழக்கமாக வாசிக்கும் தந்திகளைப் போட்டு, சரியான சுருதியில் வைத்து அளக்க வேண்டும். 34 அங்குல ஸ்கேலில் (நட் முதல் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம்) சாதாரண நான்கு தந்திகள் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 80 கிலோ எடை அளவுக்கு இழுக்கின்றன. ஃபிளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய) தந்திகளை எடுத்துவிட்டு வேறு போட்டால் இந்த இழுவையே மாறும், நெக் வளைவும் மாறும். வாங்கிய வாரமே தந்தி மாற்றிவிட்டு "நெக் கெட்டுவிட்டது" என்று பயப்படுபவர்கள் பலர். தந்தி மாற்றினால் இரண்டு நாள் பொறுத்து அளங்கள்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ, கடைசி ஃபிரெட்டில் விரல். எட்டாவது ஃபிரெட்டின் மேல் ஈ தந்திக்கு உள்ள இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் என்றால் ட்ரஸ் ராடை வலம் சுற்றி இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் தளர்த்த வேண்டும். பிறகு 17வது ஃபிரெட்டில் தந்தி உயரம்: 7.25 அங்குல வளைவுள்ள பழைய பலகைக்கு (ஃபிரெட்கள் பதித்த நெக்கின் மேற்பலகைக்கு) ஈ பக்கம் 2.8, ஜி பக்கம் 2.4 மி.மீ. இதற்குக் கீழே போக முடிந்தால் அது அந்த நெக்கின் நல்ல குணம். எல்லா நெக்கும் தராது.

பழைய ஃபெண்டரில் ட்ரஸ் ராட் நட் நெக்கின் அடிமுனையில் இருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து, நெக்கைக் கையில் வைத்து, சிலுவைப் பிளவுக்குச் சரியாக உட்காரும் பெரிய திருப்புளியால் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி மாட்டி, சுருதி ஏற்றி அளக்க வேண்டும். மூன்று முறை கழற்ற வேண்டி வரலாம். மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடம் சுற்றி, பழைய புரியில் டக் என்று விழுந்த பிறகு வலம் சுற்றினால் மரம் வெட்டுப்படாது. கழற்றும்போது நெக்கின் அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைத் துண்டு விழுந்தால் அதுவும் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வையுங்கள். தொழிற்சாலையிலேயே அப்படி வைத்து அனுப்பியது உண்டு.

நட் இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம். ராட் உள்ளே அறுந்தால் பலகையைப் பிரிக்க வேண்டும். நட்டை முழுதும் வெளியே எடுத்து, புரியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புரி முடிந்துபோயிருந்தால் ஒரு மெல்லிய வாஷர் போட்டு மறுபடி பாருங்கள். ராட் தீர்ந்துவிட்டது என்று ஒதுக்கிய பல நெக்குகளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாஷர்தான்.

ரிக்கன்பேக்கர் 4001 வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்யக் கூடாது. 1980-களின் நடுப்பகுதி வரை வந்த அவற்றில் மடித்த இரட்டை ராடுகள் உள்ளன. நெக்கைக் கையால் வேண்டிய வளைவுக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் நிறுத்தி வைப்பதற்காக மட்டும் நட்களை இறுக்க வேண்டும். நட்டால் நெக்கை இழுக்கப் பார்த்தால் பலகை பெயர்ந்துவிடும்.

வளைவு சரி, உயரமும் சரி, ஆனால் 15வது ஃபிரெட்டுக்கு மேலே மட்டும் உரசுகிறது: பலகையின் அடிமுனை மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. இதற்கு ராட் உதவாது, மேல் ஃபிரெட்களை மட்டம் தட்ட வேண்டும். ஃபிரெட் உயரம் 0.6 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் மட்டம் தட்டவும் இடமில்லை, புது ஃபிரெட்தான். அந்த வேலைக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பழைய ஃபெண்டர் ஃபிரெட்கள் மேலிருந்து அடிக்கப்படாமல் பக்கவாட்டில் நுழைக்கப்பட்டவை என்பது அவருக்குத் தெரியுமா? மேல்நோக்கிப் பிடுங்கினால் ரோஸ்வுட் சில்லு சில்லாகப் பெயரும். பக்கவாட்டில் தட்டித்தான் எடுக்க வேண்டும். 1962-க்குப் பிந்தைய ரோஸ்வுட் பலகை மெல்லிய படலம். அதை மட்டம் பிடிக்கிறேன் என்று தேய்த்தால் அடி மேப்பிள் தெரிந்துவிடும்.

சேடில்கள் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டுகள்) அடிமட்டம் வரை இறங்கியும் தந்தி உயரமாக நின்றால், நெக் குழியின் அடிமுனைப் பக்கம் 0.25 மி.மீ. அட்டை, 6 மி.மீ. அகலம், 45 மி.மீ. நீளம். தந்தி ஏறக்குறைய 0.8 மி.மீ. இறங்கும்.

ஜி தந்தி விளிம்பிலிருந்து சறுக்குகிறது

நெக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. 1970-களின் நடுவில் வந்த மூன்று ஸ்க்ரூ ஜாஸ் பேஸ்களில் அடிக்கடி நடக்கும். ஸ்க்ரூக்களைக் கால் சுற்றுத் தளர்த்தி, தந்தி சுருதியில் இருக்கும்போதே நெக்கை நேர்கோட்டுக்கு இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். மரத்தில் புரி போயிருந்தால் பல்லுக்குத்திகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். பெரிய ஸ்க்ரூ போட வேண்டாம்.

சேடில் ஸ்க்ரூ திரும்பவில்லை

துருநீக்கும் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டு, அடியில் துணி வைத்து, ஒரு நாள் பொறுங்கள். அடுத்து சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவில் அரை நிமிடம் வைத்து, ஆறியதும் திருப்புங்கள். அமெரிக்க பேஸுக்கு அங்குல அளவு ஆலன் கீ, ஜப்பானியதற்கு மில்லிமீட்டர். ஏறக்குறைய பொருந்துகிறதே என்று மாற்றிப் போட்டால் துளை உருண்டையாகிவிடும்.

பிக்கார்ட் சுருங்கி வளைகிறது

1960-களின் முதல் பாதி வரையிலான ஆமை ஓட்டு நிறப் பிக்கார்ட் செல்லுலாயிட். வயதானால் சுருங்கும், ஸ்க்ரூ துளைகளில் விரிசல் விடும். இழுத்துப் பிடித்து ஸ்க்ரூ போட்டால் உடையும். சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்க வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும் பொருள். கழற்றித் தனியாகக் காற்றோட்டமாக வைத்து, வாசிப்பதற்கு வேறொன்றை மாட்டுங்கள்; மூடிய பெட்டிக்குள் அது விடும் ஆவி உலோகத்தை அரிக்கும். இதே காலத்து நைட்ரோ பூச்சுள்ள பேஸை ரப்பர் முனை ஸ்டாண்டில் ஒரே இரவு வைத்தாலும் பூச்சு இளகித் தழும்பு விழலாம். பருத்தித் துணியைச் சுற்றுங்கள்.

பேட்டரி உள்ள பேஸில் ஒலி கரடுமுரடாகிறது

1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்றவற்றில் முதலில் 9 வோல்ட் பேட்டரியை அளங்கள். 8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பிளக் செருகியிருக்கும் வரை மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் பிடுங்க வேண்டும். பெட்டியில் வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்தால் ஒயர், ஸ்க்ரூ, பெயின்ட் மூன்றும் போகும்.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று இறந்துபோகிறது

ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட்டுக்குள் எங்காவது ஒரு ஸ்வரம் மற்றவை போல நீளாமல் அடங்கிவிடும். ஃபிரெட்டையும் நட்டையும் பிக்கப்பையும் சந்தேகிக்க வேண்டாம். நெக் தானாக அதிர விரும்பும் அதிர்வெண்ணும் அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் நெருங்கும்போது, தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடுகிறது. உறுதி செய்ய, அதே ஸ்வரத்தை டி தந்தியில் ஐந்து ஃபிரெட் மேலே வாசித்துப் பாருங்கள். அங்கே நன்றாக நீளும். ஹெட்ஸ்டாக்கில் 100 கிராம் சுமாருள்ள சின்ன கிளாம்ப்பைத் துணி வைத்து மாட்டினால் இறந்த இடம் ஒரு ஃபிரெட் தள்ளிப் போகும், அல்லது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விழுந்து தெரியாமல் போகும். வெவ்வேறு இடத்தில் மாட்டிப் பார்த்து, பிடித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்காக ஹெட்ஸ்டாக்கில் தந்தியை முறுக்கும் பழைய டியூனர்களைக் கழற்றி எடை கூடியவற்றைப் போட வேண்டாம்.